தினம் ஒரு வாக்கியம்

பெங்களூர்,
12 ஜனவரி 2025

நோரா அக்காவுக்கு,

உறையின் மேல் 'சகோதரி மரிய கிளாரா' என்று எழுதியிருக்கிறேன். இல்லாவிட்டால் உங்கள் மடத்து வாசலிலேயே நிறுத்திவிடுவார்களோ என்று பயம். உள்ளே அப்படி எழுதக் கை வரவில்லை. அம்மா உனக்கு வைத்த பெயர் நோரா. எனக்கு அது போதும்.

அம்மாவை அடக்கம் செய்த பிறகு நான் உனக்கு எழுதவே இல்லை. கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய கார்டுகளை உன் தம்பி பெண்டாட்டி சிந்தியாதான் எடுத்து வைத்தாள். நான் தொடவில்லை. கோபம் தீர்ந்து எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. கோபம் அப்படியேதான் இருக்கிறது. பயம் அதைவிடப் பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான்.

எனக்கு இரைப்பையில் புற்றுநோய். போன வருஷம் சாப்பிட்டது எதுவும் வயிற்றில் தங்காமல் போனபோது கேஸ் என்று நினைத்தேன். பீன்யாவில் எங்கள் கம்பெனி எதிரே இருக்கிற மெடிக்கலில் மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டே இருந்தேன். தெரியவந்தபோது அது ஈரல் வரைக்கும் போயிருந்தது. இரண்டு வகை கீமோ கொடுத்துப் பார்த்தார்கள். முதலில் சுருங்கியது, பிறகு பழையபடி வளர ஆரம்பித்துவிட்டது. பயந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கும் என்பார்கள். என் வயிற்றில் இப்போது புளிக்குக்கூட இடமில்லை.

எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டர் சேஷகிரி என்று ஒருவர். அவர் நடத்தும் ஒரு சோதனைச் சிகிச்சையில் என்னைச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். என் இரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களை எடுத்து, லேபில் அவற்றின் மரபணுவை மாற்றி, புற்றுநோயை அடையாளம் கண்டு தாக்கும்படி செய்து, பெருக்கி, திரும்ப எனக்கே ஏற்றுவார்களாம். இரத்தப் புற்றுநோயில் இது நன்றாக வேலை செய்கிறது. என்னுடையது போன்ற கட்டி என்றால் அந்த அணுக்கள் உள்ளே நுழையவே திணறுகின்றனவாம். நுழைந்தாலும் கொஞ்ச நாளில் சோர்ந்துபோகின்றனவாம். அதனால் இதை மட்டும் தராமல், முன்னால் கதிர்வீச்சு கொடுத்துக் கட்டியை இளக்கி வைப்பார்கள். பிற்பாடு இன்னொரு மருந்தை ஏற்றி, அணுக்களைப் பிடித்து நிறுத்துகிற பிரேக்கை எடுத்துவிடுவார்கள்.

"ஒவ்வொண்ணும் தனியா குடுத்தா பத்தல, ரெமிஜியஸ் அவ்ரே. மூணையும் சேர்த்துக் குடுத்தா என்ன ஆகுதுன்னு பார்க்கணும்" என்றார் டாக்டர், கன்னட மரியாதை விடாமல்.

பார்க்கணும் என்றால் என் உடம்பில் பார்க்கணும். முப்பது வருஷமாக மெஷின் ஷாப்பில் இருப்பவன் நான். புது செட்டிங்கில் வருகிற முதல் பீஸைத் தூக்கி ஸ்கிராப்பில் போடுவோம். அந்த முதல் பீஸ் நான்தானா என்று அவரைக் கேட்கத் தைரியம் வரவில்லை.

மடத்துக்குப் போகுமுன் நீ நர்ஸாக இருந்தவள். அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். எனக்குச் செபம் வேண்டாம். கையெழுத்துப் போடலாமா வேண்டாமா, அதை மட்டும் சொல்.

ரெமி

*

கோத்தகிரி,
20 ஜனவரி 2025

அன்புள்ள ரெமி,

கடவுளின் அமைதி உன்னோடும் சிந்தியாவோடும் இருக்கட்டும். செபம் வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். அது மட்டும் என் கையில் இல்லை, தம்பி. உன் கடிதத்தை மடித்து வைப்பதற்குள்ளேயே அது ஆரம்பித்துவிட்டது.

நான் பெங்களூரில் வார்டில் வேலை பார்த்த காலத்தில் இப்படி ஒரு சிகிச்சையே கிடையாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்ல மாட்டேன். ஆனால் என்னைக் கேட்டுவிட்டாய், பதில் சொல்லாமல் தப்பிக்கவும் மாட்டேன். கையெழுத்துப் போடு. போடாவிட்டால் உனக்கு முன்னால் இருப்பது என்னவென்று இருவருக்கும் தெரியும். இதை எழுதும்போது எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. கன்னியர்களுக்குப் பயம் வராது என்று நினைக்காதே.

என் பழைய வேலையில் கற்றது ஒன்று இப்போதும் பொருந்தும் என்று நம்புகிறேன். நோயாளி தனக்குள் நடப்பதை மறைத்தால் எந்த மருந்தும் உதவாது. உனக்கு அம்மை போட்டபோது ஸ்போர்ட்ஸ் டேயில் ஓடவேண்டும் என்று சட்டையைக் கழுத்துவரை பட்டன் போட்டு மூடிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவன் நீ. வகுப்பில் பாதிப் பேருக்கு அம்மை வந்தது. பரிசு மட்டும் உனக்கு வந்தது. இந்தத் தடவை பட்டனைத் திறந்தே வை.

அம்மாவைப் பற்றி. அடக்கத்துக்கு வர நான் கேட்டேன், ரெமி. அப்போது மடத்துத் தலைவியாக இருந்த மதர் அனுமதி தரவில்லை. எங்களுடையது அடைபட்ட மடம், வாசலைத் தாண்டுவது எங்கள் விருப்பமல்ல. இதை முன்பே உனக்கு எழுதினேன். நீ அந்தக் கடிதத்தைப் பிரித்தாயோ என்னவோ.

இன்னொன்று. சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை நாங்கள் கடிதம் எழுதுவதில்லை, கையில் வாங்குவதும் இல்லை. தவக்காலத்தில் வருகிற கடிதங்களெல்லாம் மதரின் அலமாரியில் இருந்து ஈஸ்டர் அன்றுதான் எங்களுக்குக் கிடைக்கும். ஆகவே எதுவானாலும் அதற்கு முன்னால் எழுது.

உன் அக்கா

*

பெங்களூர்,
23 பிப்ரவரி 2025

அக்கா,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஒரு கையிலிருந்து இரத்தத்தை எடுத்து, மெஷினுக்குள் விட்டு, வெள்ளை அணுக்களைப் பிரித்துக்கொண்டு, மிச்சத்தை அடுத்த கை வழியாக உள்ளே அனுப்பினார்கள். அணுக்கள் இப்போது லேபில் வளர்கின்றன. என் சொந்த இரத்தம் எனக்கு முன்னால் காலேஜ் படிக்கிறது என்று சிந்தியாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கதிர்வீச்சும் முடியப்போகிறது. மார்ச் முதல் வாரத்தில் அணுக்களை ஏற்றுவார்கள்.

ஏற்றிய பிறகு காய்ச்சல் வருமாம். கட்டாயம் வரவேண்டும் என்று இல்லை, வந்தால் ஆச்சரியப்படாதே என்கிறார்கள். அணுக்கள் சண்டை போடும்போது உடம்பு கொதிக்குமாம். அந்தக் கொதிப்பு எல்லை மீறினால் ஆளையே கொண்டுபோய்விடுமாம். மூளையையும் பாதிக்குமாம்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். தினம் ஒரு வாக்கியம் எழுதவேண்டும், எப்போதும் ஒரே வாக்கியம். மூளையில் ஏதாவது என்றால் முதலில் கையெழுத்துத்தான் கோணுமாம். ஜானகி என்று ஒரு நர்ஸ், மண்டியா பக்கத்து அம்மா, தாளைக் கொடுத்து உங்கள் தாய்மொழியிலேயே எழுதுங்கள் என்றார். நான் எழுதினேன்: 'என் அக்கா அம்மாவின் சாவுக்கு வரவில்லை.' ஜானகிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. என்ன அர்த்தம் என்று கேட்டார். என் அக்காவைப் பற்றி என்றேன். "எஷ்டு ப்ரீதி நோடு!" என்றார். மறந்திருப்பாய், எவ்வளவு பிரியம் பார் என்று அர்த்தம்.

உனக்குச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் சொல்லவேண்டும் போல இருந்தது.

பயம் வேறிடத்திலிருந்து வருகிறது. இங்கே அத்திபெலேக்காரர் ஒருவரைப் பார்த்தேன். வெங்கடசாமி, டயர்க் கடை வைத்திருக்கிறார். எனக்கு முன்பே இதே சிகிச்சை எடுத்தவர். அவருக்குக் காய்ச்சல் ஏறி, ஸ்டீராய்டு போட்டு அடக்கினார்கள். போன வாரம் ஸ்கேன் எடுத்தால் கட்டி முன்னைவிடப் பெரிதாக இருக்கிறது. "ஜுரத்தை அடக்கறேன்னு ஊசி போட்டாங்க சார். ஜுரமும் போச்சு, உள்ள போன நம்ம ஆளுங்களும் போய்ட்டாங்க" என்றார். பையை எடுத்துக்கொண்டு லிஃப்ட்டுக்குள் போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகம் என் மனதைவிட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

டாக்டரிடம் கேட்டேன். முதலில் வேறு ஊசிதான் போடுவோம், ஸ்டீராய்டு அவசியப்பட்டால் மட்டும், அவருக்கு நோய் திரும்பியதற்குக் காரணம் வேறு என்றார். டாக்டர் சொல்வதைக் கேட்கிறேன். வெங்கடசாமியின் முகத்தை நம்புகிறேன்.

ரெமி

*

கோத்தகிரி,
3 மார்ச் 2025

அன்புள்ள ரெமி,

நாளை மறுநாள் சாம்பல் புதன். இதுதான் நான் எழுதக்கூடிய கடைசிக் கடிதம், ஈஸ்டர் வரைக்கும்.

உன் வாக்கியத்தைப் படித்துவிட்டுச் சமையற்கட்டுக்குப் போய் அழுதேன். அன்று வெங்காயம் நறுக்குவது என் முறையாக இருந்தது நல்லதாகப் போயிற்று. பிறகு யோசித்தேன். அந்த வாக்கியமே இருக்கட்டும், மாற்றாதே. என்மேல் உள்ள கோபம் உன் கையை நேராக வைத்திருக்கும் என்றால் அதை விட்டுவிடாதே.

ஆனால் வெங்கடசாமியைப் பற்றி எழுதிய இடம் எனக்குப் பிடிக்கவில்லை. அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். 'காய்ச்சல் வந்தால் சொல்லிவிடுவேன்' என்று நீ எங்கேயாவது எழுதியிருக்கிறாயா என்று தேடினேன். எழுதவில்லை.

ரெமி, சொல்லிவிடு. உன் அணுக்களைக் காப்பாற்றுவது டாக்டர் வேலை. உன்னைக் காப்பாற்றுவது உன் வேலையும்கூட. நான் இங்கே இத்தனை மலைக்கு அப்பால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கப்போகிறேன். எனக்கு இந்தத் தவக்காலம் பயமாக இருக்கிறது.

உன் அக்கா

*

பெங்களூர்,
21 மார்ச் 2025

அக்கா,

இதை நீ ஈஸ்டருக்குத்தான் படிப்பாய். அதனால்தான் எழுதுகிறேன். யாரிடமாவது சொல்லவேண்டும். சொன்னால் ஒன்றும் செய்யமுடியாத ஒருவரிடம் சொல்லவேண்டும். அலமாரிக்குள் கிடக்கட்டும்.

அணுக்களை ஏற்றினார்கள். கொஞ்ச நாள் வார்டில் வைத்துப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே ஒரு ரூம் எடுத்துத் தங்கச் சொன்னார்கள். ஜன்னலைத் திறந்தால் மேம்பாலமும் கம்பெனி கேப்களும்தான். சிந்தியா பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு என்னோடு இருக்கிறாள். செவ்வாய்க்கிழமை அந்தப் பிரேக் எடுக்கும் மருந்தை ஏற்றினார்கள். மறுநாளே காய்ச்சல் வந்துவிட்டது.

நான் சொல்லவில்லை. சிந்தியா தெர்மாமீட்டரை எடுப்பதற்கு முன்னால் பாத்ரூமுக்குப் போய் ஒரு டோலோ, அதான் காய்ச்சல் மாத்திரை, போட்டுக்கொள்கிறேன். அவள் பார்க்கும்போது நார்மலாக இருக்கும். அதை ஜானகிக்குப் போனில் சொல்லிவிடுவாள். வாக்கியத்தையும் தினம் எழுதிப் படம் எடுத்து அனுப்பவேண்டும். அதற்கும் வழி செய்துவிட்டேன். டிஸ்சார்ஜ் ஆன அன்றே, கை நன்றாக இருக்கும்போதே, நிறையத் தாள்களில் எழுதி வைத்துக்கொண்டேன். தேதியை மட்டும் போட்டு ஒவ்வொன்றாக அனுப்புகிறேன். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று ஜானகி கட்டைவிரல் படம் போடுகிறார்.

நீ திட்டுவாய். திட்டு. காய்ச்சல் என்றால் என் ஆட்கள் உள்ளே வேலை செய்கிறார்கள் என்று அர்த்தம். சொன்னால் ஸ்டீராய்டு போட்டு அவர்களைக் கொன்றுவிடுவார்கள். பிறகு நானும் பையை எடுத்துக்கொண்டு லிஃப்ட்டில் இறங்கவேண்டியதுதான். சொன்னாலும் பயம், சொல்லாவிட்டாலும் பயம். சொல்லாத பயத்தில் கொஞ்சம் நம்பிக்கையாவது இருக்கிறது.

ஆனால் அக்கா, இன்று காலையில் ஒன்று நடந்தது. சிந்தியா தட்டில் வைத்ததன் பெயர் வரவில்லை. வெள்ளையாக, உருண்டையாக, தினம் சாப்பிடுவதுதான். சட்னி என்பது வந்தது. அது வரவில்லை. தெரியும். வரவில்லை. அம்மா செய்வாளே அது. துணி போட்டு அம்மா செய்வாளே.

பயமாக இருக்கிறது. வரி நேராக இல்லை. பேனா கீழே கீழே போகிறது. மேம்பாலத்தில் வண்டி போகிறது வண்டி போகிறது. அம்மா உள்ளே இருக்கிறாள். இல்லை, சிந்தியா. சிந்தியாவிடம் ஒட்டிக் கொடுக்கிறேன், கூரியரில் போடுவாள். ஈஸ்டருக்கு நீ படி. ஈஸ்டருக்கு வா.

என் அக்கா அம்மாவின் அம்மாவின் வரவில்லை

*

பெங்களூர், ஆஸ்பத்திரி
25 மார்ச் 2025

ரெமி,

நான் இங்கே இருக்கிறேன். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம், பிளாஸ்டிக் நாற்காலியில். ஐசியூவுக்குள் காலையில் கொஞ்ச நேரமும் மாலையில் கொஞ்ச நேரமும்தான் விடுகிறார்கள். உள்ளே வந்து பேசினால் உனக்குப் புரியவில்லை. தெளிந்த பிறகு நடந்ததையெல்லாம் வேறு யாராவது சொன்னால் நீ நம்பமாட்டாய். என் கையெழுத்தில் இருக்கட்டும்.

கடிதம் அலமாரிக்குள் போகும், சரிதான். ஆனால் அதற்கு முன் மதர் ஒவ்வொன்றையும் திறந்து படித்துவிட்டுத்தான் எடுத்து வைப்பார். மடத்தில் எப்போதும் வழக்கம் அது. சாவு, நோய் என்றால் சொல்லாமல் இருக்கமுடியாதே. நான் உனக்கு அதை எழுதத் தோன்றவில்லை. எங்களுக்கு அது மூச்சு விடுவதைப் போல.

சனிக்கிழமை மதியம் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மதர் வேகமாக நடந்து வந்தார். அவர் வேகமாக நடந்து நான் பார்த்ததே இல்லை. மௌன நேரம் என்றும் பாராமல், "உங்க தம்பி எழுத்து எப்பவும் இப்படியா இருக்கும்?" என்று கடிதத்தை நீட்டினார். முதல் பக்கம் உன் எழுத்து. கடைசிப் பக்கம் வரிகள் தாளைவிட்டு வழிந்துகொண்டிருந்தன. உன் வாக்கியம் உடைந்து கிடந்ததைப் பார்த்தேன். ஈரத் துணியை அப்படியே விட்டுவிட்டு வரவேற்பறைக்கு ஓடினேன்.

சிந்தியாவின் நம்பர் கூரியர் உறையின் பின்னால் இருந்தது. அனுப்புகிறவர் நம்பர் இல்லாமல் கூரியர்காரர்கள் வாங்கமாட்டார்களாமே. வரவேற்பறைப் போனில் கூப்பிட்டேன். "சிந்தியா, அவன் பாத்ரூம்ல மாத்திரை போட்டுக்கிறான். இப்பவே தூக்கிட்டு ஓடு" என்றேன். "யாருங்க நீங்க?" என்றாள். என் குரல் அவளுக்கு மறந்துபோயிருந்தது. நான் நோரா என்றதும் அவள் அலறிய அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்குள் நீ அவள் கேட்டதற்கெல்லாம் 'சரி, சரி' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாயாம்.

மதர் ஆயர் இல்லத்துக்குப் போன் போட்டு அனுமதி கேட்டுக்கொண்டிருக்கும்போதே நான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். அனுமதி கிடைக்காவிட்டால் என்ன செய்திருப்பேன் என்று என்னைக் கேட்காதே. எனக்கே அதை நினைத்தால் பயமாக இருக்கிறது. கிடைத்தது. பங்குச்சாமியார் தம் ஜீப்பில் கொண்டுவந்து விட்டார்.

முதலில் அந்த வேறு ஊசியைப் போட்டார்கள். காய்ச்சல் இறங்கியது, மூளை தெளியவில்லை. அதனால் ஸ்டீராய்டும் போட்டுவிட்டார்கள். ஆமாம், நீ பயந்ததேதான். டாக்டரிடம் உனக்காகச் சண்டை போட்டேன். "செல்ஸ் கொறயலாம். எல்லாமே போயிடும்னு யார் சொன்னாங்க? ஆளே போயிட்டா அந்த செல்ஸை வச்சு நான் என்ன பண்றது, சிஸ்டர்?" என்றார். அவர் கண்ணிலும் தூக்கமில்லை. மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும்போது கஷ்டங்களும் சேர்ந்துதான் வரும், அதற்குத்தான் தினம் கேட்கிறோம், கேட்டதற்குப் பொய் சொன்னால் நாங்கள் குருடர்கள் என்றார். தலை குனிந்து கேட்டுக்கொண்டேன், உனக்குப் பதிலாக.

நேற்று உன்னிடம் தாளைக் கொடுத்தார்கள். ஒரு கோடு இழுத்தாய். இன்று 'அக்கா அக்கா' என்று மட்டும் எழுதினாய். நான் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தேன். என்னை நிமிர்ந்து பார்த்து, "சிஸ்டர், தண்ணி" என்றாய். நர்ஸ் என்று நினைத்துக்கொண்டாய். கொடுத்தேன், குடித்தாய்.

ஜானகி உன் பழைய தாள்களைக் கொண்டுவந்து காட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். நான் அம்மாவின் சாவுக்குப் போகவில்லை என்று எழுதியிருக்கிறான் என்றேன். அவர் தாள்களைத் திரும்ப அடுக்கினார். பிறகு "ஈக பந்திதீரல்லா" என்றார். இப்போது வந்திருக்கிறீர்களே. இத்தனை வருஷம் கழித்தும் கன்னடம் எனக்கு நேரே நெஞ்சுக்குள் போகிறது.

ஆபத்துக் கட்டம் தாண்டும்வரை இருக்கலாம் என்றுதான் அனுமதி. நீ தெளிவதற்கு முன் நான் திரும்பவேண்டி வரலாம். இதை சிந்தியாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். படிக்க முடிகிறதா உனக்கு? கடவுளே, இவனால் இதைப் படிக்க முடியட்டும்.

உன் அக்கா நோரா

*

பெங்களூர்,
27 ஏப்ரல் 2025

நோரா அக்காவுக்கு,

படிக்க முடிந்தது. முதல் தடவை எழுத்துகளைக் கூட்டிக்கூட்டிப் படித்தேன். இப்போது மனப்பாடமே ஆகிவிட்டது. அந்தக் காலைத் தட்டில் இருந்தது இட்லி. தினம் எழுந்ததும் அதைச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.

நீ வந்தது எனக்கு ஞாபகமே இல்லை. எவ்வளவோ முயற்சி செய்து பார்த்துவிட்டேன். யாரோ வெள்ளைத் தலைத்துணியோடு டம்ளரைப் பிடித்தது போல ஒரு நிழல் வருகிறது. அதுவும் உன் கடிதத்தைப் படித்ததால் வருகிறதோ என்னவோ. அம்மாவுக்கு நீ வரவில்லை. எனக்கு வந்தாய், நான் பார்க்கவில்லை. உன்மேல் இருந்த கோபத்தை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. கொஞ்சத்தைக் கடிதம் பிரித்துப் படிக்கிற உங்கள் மதர்மேல் வைத்தேன், நிற்கவில்லை. அவருக்கு என் வணக்கத்தைச் சொல். இதையும் அவர்தானே முதலில் படிப்பார். மதர், வணக்கம்.

ஸ்கேன் எடுத்தார்கள். இரைப்பைக் கட்டி சுருங்கியிருக்கிறது. ஈரலில் ஒன்று சுருங்கியிருக்கிறது, மற்றது அப்படியே இருக்கிறது. ஸ்டீராய்டுக்குப் பிறகும் என் ஆட்கள் இரத்தத்தில் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். "கம்மிதான். ஆனா இருக்காங்க" என்றார் டாக்டர். அந்தப் பிரேக் மருந்தை இனி எனக்குத் தரமாட்டார்கள். அடுத்த ஸ்கேன்வரை காத்திருக்கவேண்டும். பயம் போகவில்லை அக்கா. சிந்தியா போன் மணி அடித்தாலே ஆஸ்பத்திரியிலிருந்தா என்று கேட்கிறேன். ஆனால் இப்போது உடம்பு லேசாகச் சுட்டாலும் முதலில் சிந்தியாவிடம் சொல்கிறேன், பிறகு ஜானகியிடம் சொல்கிறேன். எதிர் ரூம்காரரிடமும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் காய்ச்சல் என்றால் இந்தத் தெருவுக்கே தெரியும். மாத்திரைப் பெட்டியின் சாவி சிந்தியாவின் கழுத்துச் சங்கிலியில் தொங்குகிறது.

நேற்று செக்கப்புக்குப் போனேன். ஜானகி பழையபடி தாளைக் கொடுத்தார். அதே வாக்கியத்தைத்தான் எழுதவேண்டும், ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்பது விதி. பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதை எழுத மனம் வரவில்லை. வேறு எழுதட்டுமா என்று கேட்டேன். முதலில் முடியாது என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, பழையதை ஒருமுறை எழுதிவிட்டு அதற்குக் கீழே என்ன வேண்டுமோ எழுதிக்கொள்ளுங்கள் என்றார்.

பழையதை எழுதினேன். கை ஆடவே இல்லை. ஜானகி பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அதற்குக் கீழே, 'என் அக்கா வந்தாள்' என்று எழுதினேன்.

எழுதும்போது கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. வரி அப்படியே சரிந்து கீழே போயிற்று. ஜானகி பதறிப்போய் டாக்டரைக் கூப்பிட ஓடினார். இது அது இல்லை, இது வேறு என்று அவருக்குச் சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

உன் தம்பி
ரெமி